போனுக்குச் சார்ஜ் மெதுவாக ஏறுகிறதா? யாழ்ப்பாணத்து வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ் நகரில், பஸ் நிலையத்திலிருந்து நடந்து வரக்கூடிய தூரத்தில், போன் திருத்தும் சிறிய கடை ஒன்றை நடத்துகிறேன். "பற்றரி போயிட்டுது தம்பி, மாத்தித் தாங்கோ" என்று சொல்லிக்கொண்டு வருபவர்களில் பலருடைய பற்றரி நன்றாகவே இருக்கும். வயரைக் கழற்றி வேறொன்றைக் கொழுவினால் சார்ஜ் ஏறத் தொடங்கிவிடும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, இரவில் அவர்களின் முகத்தைப் பார்த்துக் கதைப்பதற்கு இந்த ஒரு போனை மட்டும் நம்பியிருக்கும் வயதானவர்கள் தேவையில்லாமல் காசைச் செலவழித்துவிட்டு வருவதைப் பார்த்தால் மனம் கேட்பதில்லை. கடையில் ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லும் பதில்களை அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

சார்ஜ் ஆறுதலாகத்தான் ஏறுகிறது. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

சுவரில் இருந்து போன் வரை மின்சாரம் வரும் பாதையை நினைத்துப் பாருங்கள். சொக்கற், சார்ஜர், வயர், போனின் ஓட்டை, அதற்குப் பிறகுதான் பற்றரி. இந்த ஐந்தில் எங்கே தடை இருந்தாலும் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான்: திரையில் சார்ஜ் வீதம் ஏறவில்லை. அதனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். முதலில் வயர், பிறகு சார்ஜர், பிறகு சொக்கற். வீட்டில் இன்னொருவருடைய போன் கெதியாகச் சார்ஜ் ஆகிறது என்றால் அவருடைய வயரையும் சார்ஜரையும் அப்படியே இரவல் வாங்கிக் கொழுவுங்கள். உங்கள் போனும் அதில் கெதியாக ஏறினால் போனில் பிழை இல்லை. ஏறவில்லை என்றால் போனின் ஓட்டையையும் உள்ளேயும் பார்க்க வேண்டும்.

அளப்பதும் எளிது. போனில் 20 வீதம் இருக்கும்போது, திரையை அணைத்து, அரை மணித்தியாலம் தொடாமல் விடுங்கள். எத்தனை வீதம் ஏறியது என்று ஒரு துண்டில் எழுதி வையுங்கள். வயரை மாற்றி, திரும்பவும் அதே அளவில் இருந்து அதே நேரம் பாருங்கள். "கொஞ்சம் கெதியா ஏறின மாதிரி இருக்கு" என்ற கணக்கு உதவாது. எண் வேண்டும்.

எவ்வளவு நேரம் எடுத்தால் அது மெதுவு?

அது பற்றரியின் அளவையும் சார்ஜரின் வாட்டையும் பொறுத்தது. இப்போது பெரும்பாலான போன்களில் 5,000 மில்லி ஆம்பியர் மணி பற்றரி இருக்கிறது. அதில் கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய 19 வாட் மணி. பழைய 5 வாட் சார்ஜரில் அது நிரம்ப ஐந்து மணித்தியாலம் வரை போகும். 10 வாட்டில் மூன்று மணித்தியாலத்துக்குக் கிட்ட. 25 வாட்டில், போனும் அதை ஏற்றுக்கொண்டால், ஒன்றேகால் மணித்தியாலம் அளவு. மடிக்கணினியின் பழைய யூஎஸ்பி 2.0 ஓட்டையில் கொழுவினால் கிடைப்பது 2.5 வாட்தான்; பகல் முழுக்கக் கிடக்க வேண்டும்.

ஆகவே 5 வாட் சார்ஜரைக் கொழுவிவிட்டு ஐந்து மணித்தியாலம் எடுக்கிறது என்று கவலைப்பட வேண்டாம். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. 25 வாட் சார்ஜரும் அதே ஐந்து மணித்தியாலம் எடுத்தால்தான் எங்கோ பழுது.

வயர் வெளியே புதிதுபோலவே இருக்கிறது. அதில் என்ன பிழை இருக்க முடியும்?

நான் கண்டவரை, மெதுவான சார்ஜிங்குக்கு முதல் காரணம் இந்த வயர்தான்.

தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பவர்களுக்கு இது உடனே விளங்கும். மிசின் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், குழாய் மெலிதும் நீளமுமாக இருந்தால் கடைசி வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் போய்ச் சேரும். வயருக்குள் இருக்கும் செப்புக் கம்பியும் அப்படித்தான். மலிவான வயர்களில் 28 என்ற இலக்கம் கொண்ட மெல்லிய கம்பி போட்டிருப்பார்கள். இந்த இலக்க முறையில் எண் கூடக்கூடக் கம்பி மெலிதாகும். 28 இலக்கக் கம்பியின் தடை மீற்றருக்கு 0.21 ஓம் அளவு. 2 மீற்றர் வயரில் மின்சாரம் போய்த் திரும்ப 4 மீற்றர். மொத்தத் தடை 0.85 ஓம். அதில் 1 ஆம்பியர் ஓடினாலே 0.85 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். சார்ஜரில் 5 வோல்ட்டாகப் புறப்பட்டது போனுக்கு 4.15 ஆக வந்து சேரும். போன் அதை உணர்ந்து, எடுக்கும் ஆம்பியரைத் தானாகவே குறைத்துவிடும். அதே இடத்தில் 24 இலக்கக் கம்பி போட்ட 1 மீற்றர் வயர் என்றால் இழப்பு 0.17 வோல்ட்தான்.

சில வயர்களின் உறையிலேயே இந்த இலக்கம் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். 28 என்று ஒன்றும் 24 என்று ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், 24 என்பது மின்சாரம் போகும் கம்பி, 28 தரவுக் கம்பி. அது நல்ல வயர். ஆனால் அச்சடித்ததை மட்டும் நம்பிவிட முடியாது. நானே ஒருமுறை கடைக்கென்று மொத்தமாக வாங்கிய வயர்களில் 3 ஆம்பியர் என்று பெரிதாக எழுதியிருந்தது. மின்சாரம் அளக்கும் மானியில் பிடித்துப் பார்த்தால் 1 ஆம்பியரைத் தாண்டவில்லை. ஒன்றை வெட்டினேன், உள்ளே தலைமயிர் போல நாலைந்து இழைகள். அன்றிலிருந்து அளந்து பார்க்காத வயரை விற்பதில்லை.

இரண்டு பக்கமும் சி வகை முனை உள்ள வயர் என்றால், யூஎஸ்பி விதிப்படி அது குறைந்தது 3 ஆம்பியர் தாங்க வேண்டும். 60 வாட்டுக்கு மேலே போக 5 ஆம்பியர் தாங்கும் வயர் வேண்டும். அதன் முனைக்குள் ஒரு சின்னச் சிப் இருந்து, "நான் இவ்வளவு தாங்குவேன்" என்று சார்ஜருக்குச் சொல்லும். அந்தச் சிப் இல்லாத வயரில் எவ்வளவு பெரிய சார்ஜரும் 3 ஆம்பியரோடு நின்றுவிடும்.

அப்புறம் இன்னொன்று. வயர் முனைக்குக் கிட்ட மடிந்து மடிந்து உள்ளே இழைகள் அறுந்துபோகும். வெளியே ஒன்றும் தெரியாது. சார்ஜ் ஏறும்போது முனைப் பக்கத்தை மெல்ல வளைத்துப் பாருங்கள். சார்ஜ் அடையாளம் வந்து வந்து போனால் அந்த வயரை எறிந்துவிடுங்கள். டேப் சுற்றிப் பாவிக்க வேண்டாம். அறுந்த இடம் சூடேறி உருகும்.

சார்ஜரில் எழுதியிருப்பதை எப்படி வாசிப்பது?

கண்ணாடி போட்டுக்கொண்டு, அல்லது போன் கமராவால் பெருப்பித்து, "அவுட்புட்" என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் பாருங்கள். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். 5 வோல்ட் 1 ஆம்பியர் என்றால் 5 வாட். 5 வோல்ட் 2 ஆம்பியர் என்றால் 10. 9 வோல்ட் 1.67 ஆம்பியர் என்றும் இருந்தால் அது 15 வாட் வேக சார்ஜர். பல வரிகள் இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியே பெருக்க வேண்டும். இரண்டு மூன்று ஓட்டைகள் உள்ள சார்ஜரில் முன்னால் போட்டிருக்கும் பெரிய வாட் எண் பெரும்பாலும் எல்லா ஓட்டைக்கும் சேர்த்த கணக்கு. இரண்டாவது போனைக் கொழுவியதும் முதலாவதின் வேகம் இறங்குவது அதனால்தான்.

67 வாட் சார்ஜர் வாங்கினேன். என்னுடைய சாம்சங் போனில் ஏன் அந்த வேகம் வரவில்லை?

போனும் சார்ஜரும் ஒரே பாஷை கதைக்க வேண்டும். கொழுவிய உடனே இரண்டும் தமக்குள் பேசி, எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று ஒத்துக்கொள்கின்றன. பேச்சு ஒத்துவராவிட்டால் பாதுகாப்பான 5 வோல்ட்டுக்கு இறங்கிவிடும்.

ஒப்போ, ரியல்மி, வன்பிளஸ், சியோமி போன்ற நிறுவனங்களின் அதிவேக முறைகள் அவரவர்க்கே உரியவை. அவற்றின் முழு வேகத்துக்கு அவர்களுடைய சார்ஜரும், பல வேளைகளில் அவர்களுடைய தடித்த வயரும் சேர்ந்து வேண்டும். அதே சார்ஜரை வேறு நிறுவனப் போனில் கொழுவினால் பெரும்பாலும் 10 வாட் அளவுக்கு வந்துவிடும். சாம்சங்கின் 25 வாட் போன்களுக்கு, பி.டி. என்ற பொது முறையோடு பி.பி.எஸ். என்ற உட்பிரிவும் உள்ள சார்ஜர் வேண்டும். ஐபோனுக்கென்று விற்கும் 20 வாட் பி.டி. சார்ஜரில் சாம்சங் 15 வாட் அளவில் ஏறும். கெடுதல் ஒன்றும் இல்லை, உச்ச வேகம் மட்டும் வராது. ஐபோனில் 2017இல் வந்த 8 முதல் இந்த பி.டி. முறை வேலை செய்கிறது. 20 வாட் சார்ஜரில் அரை மணித்தியாலத்தில் பாதி அளவு நிரம்பும்.

போனுக்கும் ஒரு உச்சவரம்பு உண்டு. 15 வாட் மட்டும் ஏற்கும் போனுக்கு 67 வாட் சார்ஜர் கொடுத்தாலும் அது 15தான் எடுக்கும். போனும் எரியாது, வேகமும் கூடாது. உங்கள் காசுதான் வீண். வாங்குவதற்கு முன் போனின் மாதிரியைச் சொல்லி, அது எத்தனை வாட் ஏற்கும் என்று கேளுங்கள்.

கனடாவில் இருந்து அண்ணா கொண்டுவந்த சார்ஜரை இங்கே பாவிக்கலாமா?

பலாலியாலோ கட்டுநாயக்காவாலோ ஆட்கள் வந்து போகும் விடுமுறை மாதங்களில் அதிகம் கேட்கப்படும் கேள்வி. இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், கனடாவில் 120. போன் சார்ஜர்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் பொருந்தும்படி செய்யப்பட்டவை. "இன்புட்" என்ற இடத்தில் 100 முதல் 240 வோல்ட் என்று இருந்தால் பயமில்லை. 120 மட்டும் என்று இருக்கும் எந்தச் சாமானையும், தாடி வழிக்கும் மிசினானாலும் சரி, நேரே கொழுவ வேண்டாம்.

சிக்கல் பிளக்கின் முனையில்தான் வருகிறது. லண்டனில் இருந்து வந்தது என்றால் சதுர முனை. இங்குள்ள 13 ஆம்பியர் சொக்கற்றில் இறுக்கமாக உட்காரும். ஜேர்மனி, பிரான்ஸ் சார்ஜர்களின் உருண்டை முனை 4 மில்லிமீற்றர் தடிப்பு. எங்கள் பழைய 5 ஆம்பியர் சொக்கற்றின் ஓட்டை 5 மில்லிமீற்றர் முனைக்கானது. இடைவெளி கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் உள்ளே போகும், ஆனால் ஆடும். ஆடினால் தொடுகை விட்டுவிட்டு வரும், சார்ஜ் ஏறி ஏறி நிற்கும், உள்ளே பொறி பறந்து சொக்கற் கறுக்கும். பிளக்கைக் கழற்றும்போது சூடாக இருந்தால் அந்த இடத்தில் இனிமேல் கொழுவாதீர்கள்.

13 ஆம்பியர் சொக்கற்றின் மேல் ஓட்டைக்குள் பேனையையோ குச்சியையோ குத்தி, மூடியைத் திறந்து, இரண்டு முனைப் பிளக்கைத் தள்ளும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அதை விடுங்கள். சின்னப் பிள்ளைகளின் விரலும் கம்பியும் உள்ளே போகாமல் இருக்கத்தான் அந்த மூடியை வைத்திருக்கிறார்கள். பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும், பிறகு தானும் செய்யும். தரமான மாற்றுப் பிளக் ஒன்று வாங்கினால் வேலை முடிந்தது.

வயர் முழுதாக உள்ளே போகவில்லை, தொட்டால் விட்டுப்போகிறது. ஓட்டை பழுதா?

பழுது என்று முடிவெடுப்பதற்கு முன் ஊத்தையைப் பாருங்கள். காற்சட்டைப் பொக்கற்றில் கிடக்கும் போனின் ஓட்டைக்குள் துணித் தும்பு போய்ச் சேரும். ஒவ்வொரு முறை வயரைக் கொழுவும்போதும் அது உள்ளே அமுக்கப்பட்டு, கடைசியில் பஞ்சடைத்ததுபோல் இறுகிவிடும். எங்கள் பக்கத்தில் சோளகக் காற்று அள்ளிக்கொண்டு வரும் மண் தூசியும் சேர்ந்துகொள்ளும். வயர் "டிக்" என்று உட்காராமல் ஒரு மில்லிமீற்றர் வெளியே நின்றால் பெரும்பாலும் இதுதான்.

போனை நிறுத்துங்கள். ரொர்ச் அடித்து உள்ளே பாருங்கள். பல்லுக் குத்தும் மெல்லிய மரக்குச்சியாலோ, நன்றாகக் காய்ந்து நுனி உடையாத தென்னீர்க்காலோ, ஓரமாகச் சுரண்டி வெளியே இழுங்கள். சி வகை ஓட்டையின் நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று இருக்கும். அதை நெம்பக் கூடாது. அதைச் சுற்றித்தான் ஊத்தை இருக்கும். ஊசி, சட்டை ஊசி, ஹெயார்பின் எதுவும் வேண்டாம். தகடு தகடோடு தொட்டுவிட்டால் போன் போய்விடும். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போகும்.

கடைக்கு வருபவர்களுக்கு இதை அவர்கள் கண் முன்னாலேயே செய்து, வெளியே வந்த தும்பைக் காட்டுவேன். காசு வாங்குவதில்லை.

போன் கடல் தண்ணீரில் நனைந்தது. அரிசிக்குள் போட்டு எடுத்த பிறகும் சார்ஜ் ஏறவில்லையே?

குருநகர், பாசையூர், பருத்தித்துறைப் பக்கத்தில் இருந்து தொழிலுக்குப் போகும் அண்ணாமார் இப்படி அடிக்கடி வருவார்கள். குறிகட்டுவானில் படகு ஏறும்போது நனைந்த போன்களும் வரும்.

நல்ல தண்ணீரைவிட உப்புத் தண்ணீர் பொல்லாதது. அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஓட்டைக்குள் ஈரம் இருக்கும்போதே வயரைக் கொழுவினால், உள்ளே இருக்கும் சின்னச் சின்ன உலோகக் கால்கள் மின்சாரத்தாலேயே அரிக்கப்பட்டுப் பச்சையும் கறுப்புமாகிவிடும். ஒரு கால் கரைந்தாலே வேக சார்ஜிங் போய்விடலாம். இன்னும் சில போனால் சார்ஜே ஏறாமல் போகலாம். "ஈரம் இருக்கிறது" என்று போன் எச்சரிக்கை காட்டினால், அல்லது தண்ணீர்த் துளி அடையாளம் வந்தால், அதை மதியுங்கள்.

அரிசி உதவாது. ஓட்டைக்குள் இருக்கும் தண்ணீரை அது இழுத்தெடுக்காது. அதன் மாவும் உமித்தூளும் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். ஐபோனை அரிசிப் பைக்குள் போட வேண்டாம் என்று அப்பிள் நிறுவனமே சொல்கிறது. போனை நிறுத்தி, ஓட்டை கீழே பார்க்கப் பிடித்து, உள்ளங்கையில் மெல்லத் தட்டி, மின்விசிறிக்கு முன்னால் வையுங்கள். வெயிலில் காயப்போட வேண்டாம். கடல் தண்ணீர் உள்ளே போனது உறுதி என்றால் காயும்வரை காத்திருக்காமல், அன்றைக்கே திருத்துபவரிடம் கொண்டு போங்கள். திறந்து, ஐசோபுரொப்பைல் அல்ககோலால் கழுவினால் பிழைக்க வாய்ப்புண்டு. தண்ணீர் காய்ந்துபோனாலும் உப்பு உள்ளே தங்கும். பிறகு ஈரக்காற்று பட்டால் திரும்பவும் அரிக்கத் தொடங்கும்.

சித்திரை, வைகாசியில் மட்டும் சார்ஜ் மெதுவாக இருக்கிறது. அது எப்படி?

வெக்கைதான். பற்றரி சூடேறினால் போன் தானாகவே சார்ஜ் வேகத்தைக் குறைக்கும். இன்னும் சூடேறினால் நிறுத்தியே விடும். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் ஏற்பாடு அது. ஐபோனைப் பாவிக்கச் சொல்லும் சுற்றுப்புற வெப்பநிலை 35 பாகை வரைதான். சீற் போட்ட கூரைக்குக் கீழே, மத்தியான நேரத்தில், அறையே அதைத் தாண்டிப் போகும். அதற்கு மேல் போன் தடித்த உறைக்குள், மெத்தை மேல், வீடியோ ஓடிக்கொண்டு இருந்தால் எப்படிச் சார்ஜ் ஏறும்?

உறையைக் கழற்றுங்கள். சீமெந்து நிலத்திலோ மேசையிலோ, காற்றாடிக்குக் கீழே வையுங்கள். விடியற்காலையில் சார்ஜ் போட்டால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். வெளியே எடுத்ததும் உள்ளுக்குள் வியர்த்துத் தண்ணீர் கட்டும். மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் பூட்டி, வெயிலில் வரைபடம் பார்த்துக்கொண்டே சார்ஜ் போடுபவர்கள், 30 வீதத்தில் ஏறியவர்கள் 30 வீதத்திலேயே போய் இறங்குவதற்கும் இதுதான் காரணம்.

80 வீதம் வரை ஓடுகிறது, அதற்குப் பிறகு நகரவில்லையே?

எல்லா லிதியம் அயன் பற்றரியும் அப்படித்தான். ஆரம்பத்தில் முழு ஆம்பியரும் உள்ளே போகும். நிரம்பக் கிட்டும்போது வோல்ட்டை ஒரே அளவில் பிடித்துக்கொண்டு ஆம்பியரைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். குடத்தில் கழுத்துவரை வேகமாக ஊற்றிவிட்டு, வாய் வந்ததும் மெல்ல ஊற்றுகிறோமே, அதுபோல.

80இல் அடியோடு நின்றுவிட்டால், பற்றரிப் பாதுகாப்பு அமைப்பு போட்டிருக்கிறதா என்று செட்டிங்ஸில் பற்றரிப் பகுதியில் பாருங்கள். பற்றரியின் ஆயுளுக்கு அது நல்லது. நாள் முழுக்க வெளியே திரிபவர் அல்ல என்றால் அப்படியே விடுங்கள்.

பின்னேரம் மின்குமிழ் வெளிச்சம் மங்கும்போது, வோல்ட்டேஜ் குறைவதால் சார்ஜும் மெதுவாகுமா?

இல்லை. 100 முதல் 240 வோல்ட் என்று எழுதியிருக்கும் சார்ஜர், 100 வரை இறங்கினாலும் வேலை செய்யும். காரணத்தை வேறு இடத்தில் தேடுங்கள்.

பவர் பாங்கில் 10,000 என்று எழுதியிருக்கிறது. 5,000 போனை ஏன் இரண்டு தடவை நிரப்பவில்லை?

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது பவர் பாங்க் வாங்காத வீடு குறைவு. இந்தக் கேள்வியும் அப்போதிருந்து வருகிறது.

10,000 என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 37 வாட் மணி. வெளியே வருவது 5 வோல்ட். மாற்றும்போது எண் 7,400 ஆகும். சூடாகப் போகும் இழப்பையும் கழித்தால் 6,000 சொச்சம். ஆகவே ஒன்றரைத் தடவைக்குச் சற்றுக் குறைவாக நிரப்பினால் அது நேர்மையான பவர் பாங்க். கையில் பஞ்சுபோல் பாரமில்லாமல் இருந்துகொண்டு 50,000 என்று எழுதியிருப்பதை வாங்காதீர்கள்.

வேகத்துக்கு, வெளியே எத்தனை வாட் தருகிறது என்பதையும் உள்ளே எத்தனை வாட் எடுக்கிறது என்பதையும் பாருங்கள். பலர் இரண்டாவதைப் பார்ப்பதில்லை. 10 வாட்டில் நிரம்பும் பவர் பாங்குக்கு நாலைந்து மணித்தியாலம் வேண்டும். கரண்ட் வந்து வந்து போகும் நாட்களில் அது முழுதாக நிரம்பவே மாட்டாது.

சோலார் தகட்டில் நேரே போனைக் கொழுவலாமா?

கொழுவலாம். ஆனால் ஒரு முகில் கடந்தாலே சார்ஜ் விழும். பிறகு வெயில் வந்தாலும் சில போன்கள் மெதுவான வேகத்திலேயே தங்கிவிடும். பகலில் சோலாரால் பவர் பாங்கை நிரப்பி, இரவில் அதிலிருந்து போனுக்குக் கொடுப்பதுதான் சுகம். போனை வெயிலில் வைக்கவும் தேவையில்லை.

தொண்ணூறுகளில் கரண்டே இல்லாத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட ஊர் இது. அந்த டைனமோ 6 வோல்ட், 3 வாட். வானொலிக்கு அது தாராளமாகக் காணும். இன்றைய போன் ஒன்றை நிரப்ப அதைக் கிட்டத்தட்ட ஒரு பகல் முழுக்கச் சுற்ற வேண்டும். கையில் இருக்கும் போன் எவ்வளவு மின்சாரம் கேட்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல நான் எடுக்கும் உதாரணம் அது.

ரப் (டப்லெட்), இயர்போன், மணிக்கூடு எல்லாவற்றுக்கும் ஒரே சார்ஜர் காணுமா?

ரப்பின் பற்றரி பெரிது. 5 வாட் சார்ஜரில் படம் பார்த்துக்கொண்டே கொழுவினால் ஏறாது, சிலவேளை இறங்கும். இரவுப் பஸ்ஸில் இருக்கையோரத்து ஓட்டையில் கொழுவினாலும் இதே கதைதான். ரப்புக்கு 15 வாட்டாவது வேண்டும்.

சின்னச் சாமான்களில் வேறொரு வேடிக்கை நடக்கும். சில மலிவான இயர்போன், ரொர்ச், கைவிசிறிகளில் சி வகை ஓட்டை இருந்தும், இரண்டு பக்கமும் சி உள்ள வயரில் சார்ஜே ஏறாது. எனக்கு மின்சாரம் தா என்று கேட்கும் சிறிய தடையியை உள்ளே போடாமல் விட்டிருப்பார்கள். பழைய அகல முனை உள்ள வயரில் கொழுவினால் ஏறும். பழுது என்று எறிந்துவிடாதீர்கள்.

வயர் இல்லாமல் சார்ஜ் போடுவது?

வசதிதான், ஆனால் சூடும் கூட, வேகமும் குறைவு. பழைய தட்டுகள் 5 வாட்தான் தரும், நல்லவை 15 வாட்டோ அதற்கு மேலோ தரும். அவசரத்துக்கு வயர்தான்.

செட்டிங்ஸில் மாற்ற ஏதாவது இருக்கிறதா?

சாம்சங்கில் பற்றரிப் பகுதிக்குள் "பாஸ்ட் சார்ஜிங்" என்ற சுவிட்ச் இருக்கிறது. தவறுதலாக அணைந்திருக்கலாம், பாருங்கள். ஹொட்ஸ்பொட் போட்டு வீட்டில் எல்லோருக்கும் இணையம் கொடுத்துக்கொண்டிருந்தால் சார்ஜ் ஏறும் வேகம் குறையும். வீடியோ அழைப்பும் அப்படியே. அவசரம் என்றால் பிளைட் மோடில் போடுங்கள், அல்லது போனை நிறுத்திவிட்டுப் போடுங்கள். நிறுத்திய நிலையில் கெதியாக ஏறி, ஓன் செய்தால் மெதுவாக ஏறுகிறது என்றால், பின்னால் ஓடும் ஏதோ ஒரு செயலிதான் மின்சாரத்தைத் தின்கிறது.

"சார்ஜைக் கெதியாக்கும்" என்று சொல்லும் செயலிகளை இறக்க வேண்டாம். மென்பொருளால் மின்சாரம் உண்டாக்க முடியாது.

அப்படியென்றால் பற்றரியை எப்போது மாற்ற வேண்டும்?

சார்ஜ் கெதியாக ஏறி, கெதியாக இறங்கினால். 30 வீதத்தில் திடீரென்று போன் அணைந்தால். ஐபோனில் பற்றரி ஆரோக்கியம் 80 வீதத்துக்குக் கீழே போனால். பழைய பற்றரி பெரும்பாலும் மெதுவாகச் சார்ஜ் ஆவதாக முறையிட வைப்பதில்லை, நின்று பிடிப்பதில்லை என்றுதான் முறையிட வைக்கும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்திருங்கள்.

பின்மூடி உப்பியிருந்தால், திரை ஒரு பக்கம் கிளம்பியிருந்தால், அந்த நிமிடமே சார்ஜை நிறுத்துங்கள். அமுக்க வேண்டாம், குத்த வேண்டாம், குப்பைக்குள் எறிய வேண்டாம். துளைபட்டால் தீப்பிடிக்கும். ஒரு தகர டப்பாவுக்குள் வைத்துக் கொண்டுவாருங்கள்.

இரவு முழுக்கக் கொழுவி விடலாமா?

நல்ல சார்ஜர், நல்ல வயர், கடினமான மேற்பரப்பு என்றால் விடலாம். நிரம்பியதும் போனே நிறுத்திக்கொள்ளும். தலையணைக்குக் கீழேயோ நுளம்பு வலைக்குள் மெத்தையிலோ ஒருபோதும் வேண்டாம். சூடு வெளியேற இடம் இல்லை, பக்கத்தில் பிள்ளைகள் படுத்திருப்பார்கள்.

எல்லாம் மாற்றிப் பார்த்தேன், சரிவரவில்லை. கடையில் என்ன கேட்க வேண்டும்?

நீங்கள் எதையெல்லாம் மாற்றிப் பார்த்தீர்கள், அரை மணித்தியாலத்தில் எத்தனை வீதம் ஏறியது என்று எழுதிய துண்டைக் கொண்டு போங்கள். திருத்துபவரிடம் யூஎஸ்பி மானி இருக்கும். அதைக் கொழுவி, எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் போகிறது என்று உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். காட்டாமல் "போர்ட் மாத்த வேணும்" என்று சொன்னால் இன்னொரு கடையிலும் கேளுங்கள். பல போன்களில் சார்ஜ் ஓட்டை சிறிய தனிப் பலகையில் இருப்பதால் அதை மட்டும் மாற்றலாம். போடப்போகும் பலகை வேக சார்ஜிங்குக்கு உரியதா என்று முன்கூட்டியே கேளுங்கள். மலிவான பலகை போட்டால் சார்ஜ் ஏறும், வேகம் வராது. கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள். காசு கொடுப்பதற்கு முன், கடையிலேயே பத்து நிமிடம் உட்கார்ந்து, மானியில் எண் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழும்புங்கள்.